வண்டிக்கு டிரைவர் யாரு?

“தும்மினது நான்தாம்மா. என் மூக்கு, என் கை. வேற யாரையும் திட்டாதீங்க” என்றான் கணேஷ்ராம்.

திருத்தணி அரசு மருத்துவமனைக் கட்டிலில் ஜெயம்மாள் கட்டுப் போட்ட வலக்கையைத் தலையணைமேல் ஏற்றி வைத்துக்கொண்டாள். கட்டுக்குள் விரல்கள் இருக்கவேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

“அதயே எத்தினி வாட்டி சொல்லுவ சாமி? தும்மல் வந்தா மூக்கைக் கழட்டியா வைப்பே? ஒத்தத் தும்மல் ஆவாதுன்னு தெரியும். இவ்ளோ ஆவாதுன்னுதான் தெரியாது. இன்னொன்னு சேத்துத் தும்மியிருக்கலாம் நீ.”

அவள் சிரித்தாள். அவள் புருஷன் கோதண்டம் சிரிக்கவில்லை. “கரும்புக்குச் சோகை உரிக்கிற கை. இனிமே இவளுக்கு சோறு பெசையவே ஒரு ஆளு ஓணும்” என்று சுவரிடம் சொன்னார்.

கணேஷ்ராம் தூக்குவாளியைத் திறந்தான். தயிர்சாதம். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் அவன் அப்பா வெங்கடசுப்பிரமணியன் கொடுத்தனுப்பியது. பரம்பரையே கரண்டி பிடித்த குடும்பம். ‘இது கரண்டி பிடிக்கிற கை இல்லேப்பா’ என்று சொல்லிவிட்டு விமானம் ஓட்டப் படிக்கப் போனவன் அவன். லைசென்ஸோடு திரும்பிய இரண்டாயிரத்து எட்டில், விமானக் கம்பெனிகள் இருக்கிற பைலட்டுகளையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அப்புறம் சந்நிதித் தெருவில் காய்கறி வாங்கப் போனால்கூட, “பைலட் ஐயரே, பிளேனை எங்க நிறுத்திட்டு வந்தீங்க?” என்றுதான் கேட்டார்கள்.

வேலை கிடைத்ததும் முருகன் புண்ணியத்தில்தான். ஆள் ஏறாத குட்டி விமானத்தை விட்டு, திருவாலங்காட்டுக் கரும்பில் எங்கே நோய் விழுந்திருக்கிறது என்று மேலிருந்து படமெடுக்க மெட்ராஸ் கம்பெனி ஒன்று வந்திருந்தது. மலையடிவாரத்தில் அதற்கு வண்டி பூஜை போட்டார்கள். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். குருக்கள் தட்டோடு திரும்பி, “டிரைவர் யாரு? முன்னாடி வாங்கோ” என்றார்.

கம்பெனிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“டிரைவரே இல்லாத வண்டியா? அந்தப் பேய் வண்டி எங்க கழனி மேல வரவே ஓணாம்பா” என்றது விவசாயிகள் கூட்டம்.

சுண்டலுக்காக நின்றிருந்த கணேஷ்ராமை யாரோ முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்கள். “நம்ம பைலட் ஐயரு இருக்காரே.”

மறுநாளே தொப்பி கொடுத்து, கழுத்தில் ரிமோட்டும் மாட்டிவிட்டார்கள். இன்ஜினியர் பத்மஜா ஜீப்பில் லேப்டாப்போடு உட்கார்ந்து, “இடது, சார்” என்பாள். அவன் ரிமோட்டின் குச்சியைத் தள்ளுவான். விமானம் அழகாக இடது பக்கம் திரும்பும். கழனியில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். வானத்தையும், அப்புறம் அவனையும். நாற்காலி இல்லாத பைலட்தான். ஆனாலும் பைலட்.

போன வாரம் கரும்புப் பூ மூக்கில் ஏறியது. தும்மினான். கை குச்சியை அமுக்கிவிட்டது. விமானம் குப்புறப் பாய்ந்து, வரப்போரம் குனிந்திருந்த ஜெயம்மாளின் கையில் விசிறி சுழலச் சுழல இறங்கியது.

பத்மஜா வார்டுக்குள் வந்தாள். சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, உட்காராமல் நின்றாள்.

“மேடம், போலீஸ்ல சொல்லிட்டேன். தப்பு என் ஒருத்தன் மேலதான்னு” என்றான் கணேஷ்ராம். “நாளைலேர்ந்து மடப்பள்ளிக்குப் போறேன். கரண்டி நழுவினா யார் கையும் போகாது. ஒண்ணு மட்டும் கேக்கணும். அப்பாவைக் கேட்டா விதிங்கறார். உங்க எம்.டி.யைக் கேட்டா பாத்துக்கலாங்கறார். இவங்களைக் கேட்டா சோறு தின்னுங்கறாங்க. நீங்களாவது நேராச் சொல்லுங்க. என் இடத்துல ஒரு நல்ல பைலட் இருந்திருந்தா, தும்மினாலும் சமாளிச்சிருப்பானா? இந்தம்மா கை இருந்திருக்குமா?”

பத்மஜா கட்டுப் போட்ட அந்தத் தட்டையான கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் வேலைய விட்டுட்டேன் சார். இதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.” என்றாள். “யாரா இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. உங்க ரிமோட்டுக்கும் அந்த ப்ளேனுக்கும் சம்பந்தமே கிடையாது. ரிமோட்டுல பேட்டரிகூட போடலை. ப்ளேன் தானாத்தான் பறந்துது, தானாத்தான் விழுந்துது. அது எந்தப் பக்கம் திரும்பப் போகுதுன்னு லேப்டாப்ல பாத்து, முன்கூட்டி உங்களுக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன், அவ்ளோதான்.”

கோதண்டம் சுவரை விட்டுத் திரும்பினார். ஜெயம்மாள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

கணேஷ்ராம் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். ஒரு வாரமாக அவன் சாபம் கொடுத்துக்கொண்டிருந்த கை.

“அப்போ, நான் எதுக்கு மேடம்?”

“டிரைவர் யாருன்னு அன்னிக்கு குருக்கள் கேட்டார் இல்ல, சார்? ஒருநாள் போலீஸும் அதையே கேக்கும்னு எங்க எம்.டி.க்கு அப்பவே தோணிடுச்சு.”