கிடங்குக்குள்ள இரிக்கான்

“எத்தின தரம் சொல்லுற அம்மா? உங்கட மகன் கிடங்குக்குள்ள இல்ல.”

அருமைநாயகம் மாஸ்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அன்னப்பூரணி வாசலை விட்டு அசையவில்லை.

“கிடங்குக்குள்ளதான் தம்பி இரிக்கான். முகாமில இருந்து தப்பி வந்த பெடியன் அப்பிடித்தான் சொன்னவன். மகனக் கொண்டு போகத்தான் வந்த நான்.”

வாவிக்கரையில் ஒல்லாந்தர் கட்டிய பண்டசாலை அது. ஊருக்கெல்லாம் அது கிடங்கு. சண்டை நடந்த காலத்தில் ராணுவ முகாமாக இருந்தது. பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளை அங்கேதான் வைத்திருந்தார்கள். யுத்த நிறுத்தம் வந்து முகாமைக் காலி செய்துகொண்டு போனதும், மாஸ்டர் நாயாய்ப் பேயாய் அலைந்து கட்டடத்தைக் கேட்டு வாங்கினார். அதைச் சின்னதொரு கூத்தரங்காக்க வேண்டும், சுற்றியிருந்து பார்ப்பவர்களுக்கு ஆடுகிறவனின் மூச்சும் கேட்க வேண்டும் என்பது அவருடைய பைத்தியம். நாளைக்கு அரங்கேற்றம். இந்த நேரம் பார்த்தா இந்த மனுசி வந்து நிற்க வேண்டும்?

“சரி, உள்ள வந்து நீங்களே பாருங்க.”

திரையைத் தூக்கிக் காட்டினார். உடுப்பு மாற்றும் அறையைத் திறந்து காட்டினார். அவள் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலை குனிந்தபடியே நடந்தாள்.

“பையில என்ன?”

“புது வேட்டி. அவன்ட உடுப்பெல்லாம் கந்தலாப் போயிரிக்கும்.”

“மகனுக்கு எத்தின வயசு?”

“பத்தொம்பது.”

“கொண்டு போய்ப் பன்னிரண்டு வருசமெண்டு சொன்னீங்களே?”

“ஓம் தம்பி. பத்தொம்பதுதான்.”

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவளைக் கையைப் பிடித்து வெளியே விட அவருக்கு மனம் வரவில்லை.

“இதில இருங்க. பொடியன்மார் ஒருக்கா ஆடிப் பாக்கப் போறாங்க. பாத்திற்றுப் போகலாம்.”

மத்தளம் தொடங்கியது. வினாயகமூர்த்தி சதங்கைக் காலோடு வந்து நடுவில் மிதித்தான். பழைய செங்கல் தரை, அடியிலிருந்து யாரோ பதிலுக்குத் தட்டியதுபோல, ‘தும்’ என்றது. மறுபடியும் மிதித்தான். மறுபடியும் அதே சத்தம்.

“கேட்டீங்களா அம்மா? இந்த நடுவில மட்டுந்தான் இப்பிடிக் கேக்கும்,” என்றார் மாஸ்டர் பெருமையாக. “ஒல்லாந்தன் என்ன செய்து வெச்சானோ தெரியா. அதாலதான் கூத்தாடுற களரிய இதிலயே போட்ட நான்.”

அன்னப்பூரணி எழுந்து ஓடினாள். விழுந்து ஆட்டக்காரனின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“மிதியாத மகன். மிதியாத.”

மத்தளம் நின்றது. மாஸ்டர் பதறிப்போய் அவளைத் தூக்கப் பார்த்தார். “அம்மா, கிடங்கு முழுக்கக் காட்டிற்றனே. அவன் இங்க இல்லயே.”

அவள் எழும்பவில்லை. செங்கல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

“கட்டடத்தையா தம்பி நான் சொன்ன? நான் சொன்னது வெட்டின கிடங்கு. அந்தக் குழிய அவனக் கொண்டே வெட்டுவிச்சு, அதுக்குள்ளேயே அவனப் போட்டு மூடினவங்க.”