போங்க சாத்தானே

"போங்க சாத்தானே" என்றான் ஸ்டான்லி.

எப்சிபா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். இது நாலாவது தடவை.

"தம்பி, இயேசு சாத்தானை விரட்டுதாரு. வழியனுப்பி வைக்கல. 'போ'ன்னு சொல்லணும். ஒரே ஒரு எழுத்து."

"இல்ல டீச்சர், வயசுல மூத்தவங்களைப் போயி..."

"சாத்தான் ஆதாமுக்கே மூத்தவன். அதுக்காக அவனை அண்ணாச்சின்னா கூப்பிட முடியும்?"

சாத்தான் கொம்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

சாத்தான் வேஷத்தில் இருந்தவர் கோயில்பிச்சை அண்ணாச்சி. குற்றாலத்தில் இரண்டு லாட்ஜ், தென்காசியில் ஒரு கல்யாண மண்டபம். எல்லாவற்றையும்விட முக்கியம், சபையில் அவர் குடும்பத்துக்கு மட்டும் முப்பத்து நாலு ஓட்டு. சபையார் எல்லாருக்கும் விருந்து போடும் அசனப் பண்டிகை நாடகத்தில் பிசாசு வேஷத்துக்கு வருஷா வருஷம் ஆள் தேடி அலைவார்கள். இந்த வருஷம் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

ஸ்டான்லிக்குச் சுத்தமாக வராது. பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு சபைத் தேர்தல். செயலாளர் பதவிக்கு நிற்கிறான். இயேசு வேஷத்தை அடித்துப் பிடித்து வாங்கியதே அதற்காகத்தான்.

ஒத்திகை இடைவேளையில் அண்ணாச்சி அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏலே ஸ்டான்லி, கோயில் வாசல் ரூம்ல பாக்கியம் இருக்கால்லா?"

பாக்கியம் கோயிலைக் கூட்டிப் பெருக்கி, மணி அடிப்பவள். புருஷன் செத்த பிறகு அந்த ஒற்றை அறைதான் அவளுக்கும் மகளுக்கும் வீடு.

"நீ செயலாளர் ஆனதும் அவளைக் காலி பண்ணச் சொல்லிரு. ரோட்டைப் பாத்த இடம். என் மருமவன் அங்கன மொபைல் கடை போடணும்ங்கான். முப்பத்து நாலு ஓட்டும் உனக்குத்தான்."

ஸ்டான்லி கண்ணை மூடினான்.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"பண்ணு, பண்ணு. நல்லாப் பண்ணு."

விஷயம் எப்படியோ பாக்கியத்தின் காதுக்குப் போய்விட்டது. அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. மூன்று நாள் உபவாசம் இருந்தாள்.

"ஏட்டி, உன் வீட்டுக்காகவா?" என்று டீச்சர் கேட்டாள்.

"இல்ல டீச்சர், ஸ்டான்லி அண்ணனுக்காக. பிசாசு இப்ப அவரைத்தான பிடிச்சுத் தொங்குதான். அவருக்குத்தான் பலம் வேணும்."

பண்டிகையன்று காலையிலிருந்தே சாரல். பந்தல் நிறையக் கூட்டம். பின்னால் அண்டாக்களில் கறிக்குழம்பு கொதித்தது. முன்வரிசையில் பாக்கியம் மகளோடு உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் சாத்தான் கையை விரித்தார்.

"உலகத்துல உள்ள ராஜ்ஜியம் பூராவும் உனக்குத் தாரேன். என் கால்ல ஒரு தடவை விழு, போதும்."

இந்த வசனத்தை மட்டும் அவர் பாடம் பண்ணவே இல்லை. பழக்கப்பட்ட பேச்சு, தானாக வந்தது.

ஸ்டான்லி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் "போ, போ" என்று வாயசைத்தாள். கீழே பாக்கியம் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"போலே சாத்தானே!"

பந்தலே அதிர்ந்தது. 'லே' நாடகத்தில் இல்லாதது. அண்ணாச்சியை அந்த ஊரில் யாரும் 'லே' போட்டுக் கூப்பிட்டதும் இல்லை.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

"முப்பத்து நாலு ஓட்டு போச்சே" என்றார் ஒருவர்.

"போனாப் போவுது. இவனல்லவா விசுவாசி. எங்க வீட்டு ஓட்டு பூராவும் இவனுக்குத்தான்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பாக்கியம் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பார்த்தவர்களுக்கெல்லாம் நெஞ்சு நிறைந்துவிட்டது.

திரை விழுந்தது.

பின்னால் அண்ணாச்சி கொம்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்துக் கிடந்தது.

ஸ்டான்லி வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். அக்கம்பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. அங்கியோடு அப்படியே அவர் காலில் விழுந்தான்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. அடுத்த மாசமே அந்த ரூமைக் காலி பண்ணிருதேன். வாய்தான் 'போலே'ன்னு சொல்லிட்டுது. மனசுக்குள்ள 'போங்க'ன்னுதான் சொன்னேன்."