மச்சானோடு வந்த நோயாளி

உலகப் புற்றுநோய்ப் படிப்பின் கடைசித் தேர்வில், இயந்திர நோயாளியிடம் நோயை மறைக்காமல் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் ஃபெயில். திருநெல்வேலிக்கு அனுப்பிய நோயாளியோடு ஓர் இயந்திர மச்சானும் வந்திருந்தது. அதற்குப் பயந்தே டாக்டர் செண்பகவல்லி இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார்.

"அத்தான்கிட்ட கேன்சர்னு சொல்லிராதீங்க. தாங்க மாட்டாவ," என்று வாசலை மறித்தது மச்சான்.

இந்த முறை அதை டீ வாங்க அனுப்பிவிட்டு, நோயாளியின் கையைப் பிடித்து மெதுவாகச் சொல்லிவிட்டார்.

"எனக்கு அப்பமே தெரியும், டாக்டரம்மா," என்றது நோயாளி. "மச்சானுக்குத் தெரிய வேண்டாம். பாவம், அழுதுருவான்."

வெளியே மச்சான் டீயோடு நின்றது. "சொல்லலியே?"

"சொல்லவே இல்ல."

பொய் சொல்லியாகிவிட்டது, இதுவும் போச்சு என்று தேர்வு மதிப்பெண் காட்டும் திரையைப் பார்த்தார். நூற்றுக்கு நூற்றுப்பத்து விழுந்திருந்தது.