கத்திக்கு முன்னால்

“முன்னாடி இருக்கறதை ஏன் தம்பி வெட்டினீங்க? அதையும் சேர்த்துப் போடுங்க.”

செய்திச் சேனலின் எடிட்டர் தலையைத் தூக்கினான். வாசலில் காவலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே வந்திருந்த பெரியவர், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

“எந்த வீடியோவைச் சொல்றீங்க?”

“ஜூஸ் கடை வாசல்ல ஒருத்தனை ஒருத்தன் குத்தினானே, அது.”

திரையிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு வட்டம், திகில் இசை, ‘நடுரோட்டில் வெறியாட்டம், இனி யாருக்குப் பாதுகாப்பு?’ என்று கொட்டை எழுத்து. ஜனங்களைப் பயமுறுத்திச் சம்பாதித்த காசில்தான் அந்த அறையில் ஏசி ஓடியது.

கத்தி மேலே போனதும் பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பார்க்க முடியலை இல்ல? குத்தினவன் உங்களுக்கு என்ன உறவு?”

“உறவில்லை. எதிர் வீடு. எங்க வீட்ல சாப்பிட்டு வளர்ந்த பையன்.” பெரியவர் சுவரைப் பார்த்தபடியே தொடர்ந்தார். “கடைக்காரர் கேமராவுல முழுசும் பார்த்தேன். செத்தவன்தான் முதல்ல சட்டையைப் பிடிச்சு இழுத்து, ஹெல்மெட்டால மண்டையிலயே போடறான். இவன் கையெடுத்துக் கும்பிடறான். அடி தாங்காமத்தான் கடைக் கத்தியை எடுத்தான். நீங்க கத்தியில ஆரம்பிச்சுட்டீங்க.”

“எடுத்த எடுப்புல ரத்தம் வரலைன்னா அடுத்த வீடியோவுக்குத் தள்ளிட்டுப் போயிடுவாங்க பெரியவரே. உங்களுக்குச் சொன்னா புரியாது.”

“நீங்க போட்டதைப் பார்த்துட்டு அவன் வீட்டுமேல கல்லெறியறாங்க. அவன் அம்மாவும் தங்கச்சியும் விளக்கைக்கூடப் போடாம உள்ளேயே கிடக்குதுங்க. நேத்து எவனோ கதவுல பெட்ரோல் ஊத்தியிருக்கான். கொளுத்திட்டான்னா?”

எடிட்டருக்கு எரிச்சல் வந்தது. கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்க வந்த எத்தனையோ சொந்தக்காரர்களை அவன் பார்த்திருக்கிறான். எல்லோரும் முதலில் பக்கத்து வீடு, எதிர் வீடு என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

“செத்தவன் மேலேயே பழியைத் தூக்கிப் போடறீங்களே, மனசு கூசலையா உங்களுக்கு? அவனைப் பெத்தவன்னு ஒருத்தன் இருப்பான்ல. இதையெல்லாம் கேட்டா அவன் என்ன ஆவான்?”

பெரியவர் செருப்பைக் கீழே போட்டார். மாட்டப் பார்த்தார், கால் நுழையவில்லை.

“கேட்டுக்கிட்டுதான் நிக்கறேன் தம்பி,” என்றார். “என் புள்ள அடிச்சதையும் சேர்த்துப் போடுங்க.”