அசன உருளி வழக்கு

வெள்ளைச் சட்டையும் கையில் வேதப்புஸ்தகமுமாக வந்த சத்தியநேசனை, சபை மூப்பர் என்று நினைத்துக் கோர்ட் போலீஸ்காரரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பெயரைக் கூப்பிட்டதும் மனுஷர் எழுந்து நேரே கூண்டுக்குள் போய் நின்றார்.

சபையில் அசன விருந்துக்குப் பாயசம் வைக்கும் வெண்கல உருளி காணாமல் போய், அவர் வீட்டுப் பின்பக்கத்தில் அகப்பட்டது. திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்கினார் என்று கேஸ். அடுத்த வாரம் மகள் சஜிதாவுக்குக் கல்யாணம். தண்டனை விழுந்தால் பெண்ணைக் கைப்பிடித்து ஆலயத்துக்குள் கூட்டிப்போக அப்பன் இல்லை.

அவருடைய வக்கீல் சுபிதாவுக்கு அதுதான் கவலை. அவர்மேல் பழைய திருட்டுக் கேஸ்கள் மூன்று உண்டு. ஆனால் இந்தத் தடவை நிரபராதி என்று அவள் மனசார நம்பினாள்.

காலையில் வராந்தாவில்கூட அவர் அவளிடம் ஒன்றே ஒன்றுக்குத்தான் வருத்தப்பட்டார். “மோளே, எனக்க பேருல ‘வாங்கினவன்’னு எழுதி வச்சிருக்கானுவளே! நாலு பேரு முகத்துல எப்படி முழிப்பேன்?”

“இவருக்கு இது புதுசில்ல. பழைய கேஸ் கட்டைத் தாக்கல் செய்ய அனுமதிக்கணும்” என்றார் அரசு வக்கீல்.

சுபிதா துள்ளி எழுந்தாள். “இவர் நல்லவர்னு நாங்க சொன்னாத்தான், கெட்டவர்னு அவங்க காட்டலாம். நாங்க இதுவரைக்கும் அப்படி ஒரு வார்த்தை சொல்லலையே!”

மாஜிஸ்திரேட் யோசித்தார். “சரிதான். பழசு வேண்டாம்.” பிறகு கூண்டைப் பார்த்தார். “உருளி எப்படி உங்க கைக்கு வந்தது?”

“திற்பரப்பு ரோட்டுல ஒரு ஆளுகிட்ட துட்டு குடுத்து வாங்கினேன் சார். களவுமுதல்னு தெரியாது.”

சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடியே வந்தது. அப்பாடா, ஜெயித்தாச்சு என்று சுபிதா கேஸ் கட்டை மூடினாள்.

அரசு வக்கீல் விடவில்லை. மேசைமேல் இருந்த உருளியைக் கவிழ்த்து, அடியில் போட்டிருந்த ஒட்டுத் தகட்டைப் பேனாவால் தட்டிக் காட்டினார். “இந்த ஒட்டுப்போட்ட உருளிக்கா துட்டு குடுத்தீரு? ஒம்மள எவனோ நல்லா ஏமாத்திட்டான் வே!”

கோர்ட்டே சிரித்தது. நாற்காலி போட்ட போலீஸ்காரரும் சிரித்தார். பேசாதேயும் என்று சுபிதா கண்ணைக் காட்டினாள். சத்தியநேசன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முகம் சிவந்து, கூண்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

“ஏமாறதுக்கு நான் என்ன, துட்டு குடுத்தா சார் எடுத்தேன்?”