அதே கேள்வி

மந்திரியின் மேசையில் மைக்குகள் இடத்துக்கு முட்டிமோதி நின்றன. ஓரத்தில் நசுங்கிக்கொண்டிருந்த சின்ன மைக், "நேத்து இடிஞ்ச பாலத்தைக் கட்டினது யாருங்கய்யா?" என்று கேட்டுவிட்டது.

மந்திரியின் முகம் கறுத்தது. "அதைத் தூக்கி வெளியே போடுங்க. அடுத்த கேள்வி?"

வாசலில் போய் விழுந்த சின்ன மைக், கேள்வி இதோடு செத்தது என்றே நினைத்தது.

உள்ளே பெரிய மைக் தொண்டையைச் செருமியது. சின்னதைத் தினமும் ஓரத்துக்குத் தள்ளுவதே அதுதான். "பாலத்தைக் கட்டினது யாருங்கய்யா?"

மந்திரி அவசரமாக அடுத்த மைக்கைப் பார்த்தார்.

"எனக்கும் அதே கேள்விதாங்கய்யா."

அதற்கடுத்ததும் அதையே கேட்டது. வாசலில் சின்ன மைக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மந்திரி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "சரி, சொல்லித் தொலைக்கிறேன்."

"கொஞ்சம் இருங்கய்யா," என்றது பெரிய மைக். "கேட்டவன் வெளியில கிடக்கான். அவன் வரட்டும்."