லாகோஸுக்குப் போகும் கூந்தல்

"இதெல்லாம் டோப்பான்னு தெருமுனையில இருந்தே கண்டுபிடிச்சிடுவாங்க!"

நைஜீரியாவின் லாகோஸிலிருந்து விக் கொள்முதல் செய்ய வந்திருந்த ஃபோலாகே, கையிலிருந்த விக்கை மேஜைமேல் எறிந்தாள். வருடா வருடம் வந்து போகிறவள். சீன மொழியில் சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

பட்டறைக்காரி கெங் சியூலான் அவசரமாக அடுத்த பெட்டியைத் திறந்தாள். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் மற்ற ஊர்க்காரர்கள் கோதுமையை நம்பிப் பிழைக்க, சூசாங்கில் இவர்கள் தெரு முழுக்க முடியை நம்பித்தான் பிழைக்கிறது. ஆப்பிரிக்கா ஆர்டர் கைநழுவினால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு காட்டறேன், அக்கா."

"வேணாம் சியூலான். எதிர்ப் பட்டறைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

அந்த நேரம் பார்த்து மருமகள் யூன் தேநீரோடு வந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. இடுப்பைத் தொடும் கூந்தல், நடக்கும்போது தனியாக அசைந்தது. பெண் பார்க்கப் போன அன்று வேறு எதையும் விசாரிக்காமல், அந்த முடிக்காகவே "என் பையனுக்கு இவதான்" என்று ஒற்றைக் காலில் நின்றவள் சியூலான்.

எழுந்த ஃபோலாகே அப்படியே நின்றுவிட்டாள்.

"இது! இந்த மாதிரி குடு, கப்பல் நிறைய எடுத்துக்கறேன். ஆனா உங்களால முடியாது. இது பொறந்த முடி."

சியூலானின் வாய் சும்மா இருக்கவில்லை.

"யார் சொன்னது? இதுவும் எங்க பட்டறைச் சரக்குதான்!"

"அப்படியா? கழட்டிக் காட்டச் சொல்லு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

யூன் மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கத்தரிக்கோல்கள் இருக்கும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சியூலானுக்குப் பகீரென்றது. ஓடிப்போய்க் கதவோடு வாயை வைத்துக் கிசுகிசுத்தாள்.

"அடி பொண்ணே, வேணாம்டி! நான்தான் வாய்க்கு வந்ததை உளறிட்டேன். ஆர்டர் போனா போகுது. நாம பன் அவிச்சு வித்தாவது பொழைச்சுக்கலாம். உன் முடியில மட்டும் கை வைக்காதடி!"

கதவு திறந்தது. யூனின் தலையில் ஒட்ட வெட்டிய கிராப்பு. கையில் துணியில் சுற்றிய பொட்டலம். ஃபோலாகே அதை வாங்கி வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள்.

சியூலான் மருமகளைக் கட்டிக்கொண்டு பொலபொலவென்று அழுதாள். "பாவி நான்! சாயங்காலம் உன் புருஷன் வந்தா அவன் மூஞ்சில எப்படிடி முழிப்பேன்?"

யூன் அவள் காதோரம் குனிந்தாள்.

"அழாதீங்க அத்தே, நீங்க பொய்யே சொல்லல. 'எங்கம்மா முடியைப் பார்த்துத்தான் சம்மதிப்பாங்க'ன்னு சொல்லி, நீங்க பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடியே, நம்ம பட்டறையில உக்காந்து ஒவ்வொரு முடியா கோத்து இதைச் செஞ்சு குடுத்ததே உங்க பிள்ளைதான்!"